மூடியில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

பழைய அமெரிக்கப் பாக்கெட் கடிகாரம் கைக்குக் கிடைத்தால், பின்மூடியின் உட்புறம் இருக்கும் எண்ணை வைத்து வயதைச் சொல்லிவிடாதீர்கள். வால்தம், எல்ஜின், ஹாமில்டன் போன்ற கம்பெனிகள் பல காலம் இயந்திரத்தைத் தனியாகவே விற்றன. கூடு வேறொரு கம்பெனியுடையது; நகைக்கடைக்காரர்தான் இரண்டையும் பொருத்திக் கொடுப்பார். அதனால் இயந்திரத்தின் மேலேயே பொறித்திருக்கும் வரிசை எண்தான் கணக்கு. அந்தக் கம்பெனியின் உற்பத்திப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எந்த ஆண்டு என்று தெரிந்துவிடும்.

திறக்கும் முன் ஓரத்தை நன்றாகப் பாருங்கள். பல கூடுகளில் திருகு மூடிதான். இடப்பக்கம் திருகினால் போதும், கத்தி வைத்து நெம்பவே வேண்டாம்!

அப்புறம், கூட்டில் '20 ஆண்டு உத்தரவாதம்' என்று பொறித்திருந்தால் அது முழுத் தங்கம் இல்லை, மலிவு உலோகத்தின் மேல் தங்கத் தகடு போர்த்தியது.