குழந்தைக்கு காது வலின்னா காதுக்குப் பின்னாடியும் பாருங்க

எங்க சின்னவனுக்கு ரெண்டரை வயசு இருக்கும்போது சளி புடிச்ச நாலாவது நாள் ராத்திரி காது காதுன்னு ஒரே அழுகை. பக்கத்து மெடிக்கல்ல கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டோம், ரெண்டு நாள்ல காதுல இருந்து மஞ்சளா தண்ணி வந்துச்சு, வலியும் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, சரி உடைஞ்சு வந்துடுச்சு இனிமே சரியாயிடும்னு விட்டுட்டோம். அதுக்கு மூணாம் நாள் காலைல குளிப்பாட்டி தலை துவட்டும்போது பின்னாடி இருந்து பார்க்கறேன், வலது காது மட்டும் முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குது, காதுக்குப் பின்னாடி எப்பவும் இருக்கற அந்த மடிப்பே காணோம், அந்த இடம் செவந்து உப்பி இருக்கு, விரல் பட்டதும் அலறிட்டான். அன்னிக்கே அட்மிட் பண்ணிட்டாங்க. மாஸ்டாய்டிட்டிஸ்னு சொன்னாங்க, அதாவது காதுல இருந்த இன்ஃபெக்ஷன் காதுக்குப் பின்னாடி இருக்கற எலும்புக்குப் பரவிடுச்சாம், அந்த வார்த்தையையே அன்னிக்குத்தான் முதல் தடவை கேக்கறேன். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. இப்போ நல்லா இருக்கான், ஆனா சும்மா விட்ட அந்த மூணு நாளை நினைச்சா இன்னும் வயித்தைக் கலக்குது. அப்போ எனக்கு யாராவது சொல்லியிருக்கணும்னு தோணினதை எல்லாம் இங்க எழுதறேன்.

பயந்துடாதீங்க, காது வலி வர்ற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு நாள்ல தானா குறைஞ்சிடும். மூக்குக்குப் பின்னாடி இருந்து காதுக்குப் போற குழாய் சின்னப் பிள்ளைங்களுக்கு குட்டையா, படுத்த மாதிரி இருக்கும், அதனாலதான் சளி புடிச்சா உடனே காதுக்குப் போயிடுது, ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசுக்குள்ள இது ரொம்ப சகஜம். பிரச்சனை என்னன்னா காது ஜவ்வுக்கு உள்பக்கம் சீழ் கட்டற அந்த இடம் ரொம்ப சின்னது, அதுக்குப் பின்னாடி தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு எலும்பு, மேல மெல்லிசா ஒரு எலும்புத் தட்டு, அதுக்கு மேல மூளை, முகத்தை அசைக்கற நரம்பும் இந்தக் காது வழியாத்தான் போகுது. சீழ் எந்தப் பக்கம் பரவுதோ அதைப் பொறுத்து ஆபத்து மாறும்.

அதனால காது வலின்னு தெரிஞ்ச நாள்ல இருந்து முழுசா சரியாகற வரைக்கும் காலையும் ராத்திரியும் ஒரு வேலை பண்ணுங்க. குழந்தையை மடியில முதுகு காட்டி உட்கார வச்சு, முடியை ஒதுக்கி, வெளிச்சத்துல ரெண்டு காதையும் பின்னாடி இருந்து சேர்த்துப் பாருங்க. ஒரு காதை மட்டும் பார்த்தா தெரியாது, ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் தெரியும். ஒண்ணு முன்னாடி தள்ளியோ கீழ இறங்கியோ இருக்கா, பின்னாடி மடிப்பு மறைஞ்சிருக்கா, எலும்பு மேல செவப்பா சூடா இருக்கா, லேசா தொட்டா அழறானா? இதுல ஒண்ணு இருந்தாலும் காலைல பார்த்துக்கலாம்னு தூங்காதீங்க. ஆன்டிபயாட்டிக் குடிச்சுக்கிட்டு இருக்கற குழந்தைக்கும் இது வரலாம், மருந்துல இருக்கானேன்னு நம்பி விடக்கூடாது.

இன்னொண்ணு, வலி திடீர்னு நின்னு சீழ் வந்துச்சுன்னா ஜவ்வுல ஓட்டை விழுந்திருக்குன்னு அர்த்தம். அழுத்தம் குறையறதால வலி போகுது, அதுக்காக இன்ஃபெக்ஷன் போயிடுச்சுன்னு இல்ல. இந்த ஓட்டை பெரும்பாலும் சில வாரத்துல தானா மூடிக்கும், ஆனா டாக்டர் பார்த்தே ஆகணும். நாங்க ஏமாந்தது இங்கதான்.

உடனே கிளம்ப வேண்டிய மத்த அறிகுறிகள்

அழும்போது முகத்தைப் பாருங்க. ஒரு கண்ணு மூடாம வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சுன்னா முக நரம்பு பாதிச்சிருக்கு. சாதாரணமா இருக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாமக்கூடப் போகும், அழும்போதும் சிரிக்கும்போதும்தான் பளிச்சுனு தெரியும். நடக்கற குழந்தை தடுமாறி சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நடக்குது, வாந்தி எடுக்குது, கண்ணு பக்கவாட்டுல துடிக்குதுன்னா உள்காது வரைக்கும் போயிருக்கலாம், காது கேக்கறது நிரந்தரமா போற ஆபத்து அதுல உண்டு.

மூளைக்காய்ச்சல்தான் எல்லாத்துலயும் பயங்கரம். காய்ச்சல், வாந்தி, வெளிச்சத்தைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கறது, எழுப்பினா சரியா முழிக்காம திரும்பத் திரும்ப சொருகறது, ஃபிட்ஸ், கழுத்து விறைப்பு. கழுத்தை நீங்க புடிச்சு வளைக்காதீங்க, பிடிச்ச பொம்மையை மடியில போட்டு குனிஞ்சு பார்க்கறானான்னு கவனிச்சாலே போதும். கைக்குழந்தைக்கு கழுத்து விறைப்பு இல்லாமலே மூளைக்காய்ச்சல் இருக்கலாம், அதுங்களுக்கு உச்சிக்குழி புடைச்சிருக்கறது, பால் குடிக்காம துவண்டு கிடக்கறது, தூக்கினா இன்னும் அதிகமா அழறது, இதெல்லாம்தான் அடையாளம். மூணு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே வீட்டுல எந்த மருந்தும் குடுக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கு வேற மாதிரி வரும். மாசக்கணக்கா காதுல சீழ் வடியுது, கொஞ்சமாத்தான் வருது ஆனா அழுகின நாத்தம், இதை அவனுக்கு சின்ன வயசுலருந்தே அப்படித்தான்னு விட்டுடறாங்க. அந்த வகைல உள்ள தோல் தப்பான இடத்துல சேர்ந்து எலும்பையே அரிக்கும், மூளையில சீழ்க்கட்டி வர்றது பெரும்பாலும் இப்படிப்பட்ட காதுலருந்துதான். அந்தப் பிள்ளை தலைவலி தாங்கலன்னு சொன்னா, வாந்தி எடுத்தா, ரெண்டாத் தெரியுதுன்னு சொன்னா, இல்ல நடுக்கத்தோட காய்ச்சல் ஏறி இறங்கி ஏறுச்சுன்னா காதையும் தலைவலியையும் தனித்தனியா நினைக்காதீங்க, சீழ் வடியற விஷயத்தை டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா சொல்லுங்க. தலைவலி எல்லாம் இல்லாட்டியும் சரி, ரெண்டு வாரத்துக்கு மேல சீழ் வந்தா இஎன்டி டாக்டர் பார்த்தே ஆகணும்.

இந்த மாதிரி நேரத்துல தெரு முனை கிளினிக் வேண்டாம், குழந்தைங்க டாக்டரும் இஎன்டியும் ஸ்கேனும் ஒரே இடத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போங்க, தமிழ்நாட்டுல மெடிக்கல் காலேஜ் அரசு ஆஸ்பத்திரிகள்ல இது எல்லாம் இருக்கும், வண்டி இல்லன்னா 108. வழியில ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, கையில இரும்புச் சாவி குடுக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. குடுத்த மருந்து பாட்டில் எல்லாத்தையும் எடுத்துக்கோங்க, கடைசியா எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டான்னும் ஞாபகம் வச்சுக்கோங்க, ஸ்கேனுக்கோ ஆபரேஷனுக்கோ மயக்கம் குடுக்கணும்னா அதைத்தான் முதல்ல கேப்பாங்க. எங்க பையனுக்கு சிடி ஸ்கேன் எடுத்து, நரம்பு வழியா ஆன்டிபயாட்டிக் போட்டு, ஜவ்வுல சின்னதா கீறி சீழை எடுத்தாங்க. சில பேருக்கு காதுக்குப் பின்னாடி இருக்கற அந்த எலும்பையே சுத்தம் பண்ற ஆபரேஷன் தேவைப்படும்.

வீட்டுல என்ன செய்யலாம், என்ன கூடாது

வலிக்கு பாராசிட்டமால் குடுக்கலாம், எடைக்கு ஏத்த மாதிரி. ஒரு கிலோவுக்கு 10லருந்து 15 மில்லிகிராம், அதாவது 10 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 100லருந்து 150 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு நாளைக்கு 4 தடவைக்கு மேல வேண்டாம். நிறைய பேர் தப்பு பண்றது பாட்டில்லதான். சொட்டு மருந்துல 1 மில்லியிலயே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்புல 5 மில்லிக்கு 120னும் இருக்கு 250னும் இருக்கு, போன தடவை குடுத்த அளவுன்னு கண்ணை மூடிக்கிட்டு ஊத்தாம லேபிளைப் படிங்க. ஆஸ்பிரின் குழந்தைங்களுக்குக் கூடவே கூடாது.

பூண்டு போட்டு காய்ச்சின எண்ணெய், தாய்ப்பால், கோழி இறகு, பட்ஸ், ஹேர்பின் எதுவும் காதுக்குள்ள போகக்கூடாது. பாட்டி சொல்றாங்கன்னா அன்பாலதான் சொல்றாங்க, எங்க வீட்டுலயும் சொன்னாங்க, ஆனா ஜவ்வு ஓட்டையா இருந்தா அந்த எண்ணெய் நேரா உள்ளதான் போகும். மெடிக்கல்ல கேட்டு வாங்கற சொட்டு மருந்தும் அப்படித்தான், சில ஆன்டிபயாட்டிக் சொட்டு ஜவ்வு ஓட்டை வழியா உள்காதுக்குப் போனா கேக்கற திறனையே கெடுக்கும், ஓட்டை இருக்கா இல்லையான்னு டாக்டர் உள்ள பார்த்துச் சொல்லாம நமக்குத் தெரியாது. சீழ் வந்தா சுத்தமான பருத்தித் துணியைத் திரி மாதிரி சுருட்டி காது வாசல்ல வச்சு ஊற விட்டு எடுங்க, நாளைக்கு மூணு தடவை, காய்ஞ்ச திரி வர்ற வரைக்கும். பஞ்சு அடைச்சு மூடி வைக்காதீங்க. தலைக்கு ஊத்தறதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க.

டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினா சொன்ன நாள் வரைக்கும் முழுசாக் குடுங்க. சில பேருக்கு எழுதாம ரெண்டு மூணு நாள் பார்ப்போம்னு சொல்லுவாங்க, லேசான வலி இருக்கற கொஞ்சம் பெரிய குழந்தைக்கு அது சரியான வைத்தியம்தான், ஆனா 48 மணி நேரத்துல குறையலன்னா திரும்பக் கூட்டிட்டுப் போறது நம்ம பொறுப்பு.

அடிக்கடி வருதுன்னா படுக்க வச்சு பாட்டில் பால் குடுக்கறதை நிறுத்துங்க, வீட்டுக்குள்ள யாரும் சிகரெட் புடிக்க விடாதீங்க. நிமோகாக்கல் தடுப்பூசி 2021லருந்து நாடு முழுக்க அரசு அட்டவணையில இலவசமாவே இருக்கு, 6 வாரம், 14 வாரம், 9 மாசம். கார்டை எடுத்துப் பார்த்து விட்டுப் போயிருந்தா போடுங்க, காது, நுரையீரல், மூளை மூணையும் தாக்கற கிருமிக்கு எதிரானது அது.

எல்லாம் ஆறின பிறகும் ஜவ்வுக்குப் பின்னாடி நீர் தேங்கி நிக்கலாம், அப்போ காது மந்தமா இருக்கும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, டிவி பக்கத்துல போய் நிக்கறான், பேச்சு தெளிவா வரலன்னா சேட்டைன்னு திட்டாதீங்க. மூணு மாசத்துக்கு மேல நீர் இருந்தா காது டெஸ்ட் எடுக்கணும். எங்க பையன் கொஞ்ச நாள் இடது காதைத் திருப்பிக் காட்டித்தான் கேட்டுக்கிட்டு இருந்தான், மூணாவது மாசம் டெஸ்ட் ரூம்ல பீப் சத்தம் வரும்போதெல்லாம் ஒரு கட்டையை டப்பாவுல போடணும்னு சொல்லிக் குடுத்தாங்க, வலது காதுக்கு வந்தப்போ ஒரு கட்டையைக்கூட விடாம போட்டான்.