பேரலுக்குள் போரோஸ்கோப்: பார்த்ததும் பதறிச் செய்யும் தவறுகள்

"அண்ணா, இதக் கொஞ்சம் பாருங்க. பேரல் போச்சு போல." ரைஃபிள் கிளப்புகளில் இந்தப் பேச்சு இப்போது சகஜமாகிவிட்டது. நீட்டுகிற செல்போனில் ஒரு படம் இருக்கும்: சாம்பல் நிறச் சுவர், அதன் குறுக்கே கீறல்கள், ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை. போன வாரம் வரை அதே பேரல், அதாவது துப்பாக்கிக் குழல், ஒழுங்காகத்தான் சுட்டுக்கொண்டிருந்தது. நடுவில் புதிதாக நடந்தது ஒன்றுதான், அவர் பேரலின் உட்சுவரைப் பார்க்கும் போரோஸ்கோப் வாங்கினார்.

ஒரு காலத்தில் இது அமெரிக்காவில் துப்பாக்கி மெக்கானிக்குகளும் பெஞ்ச்ரெஸ்ட் (மேசையில் ரைஃபிளைத் தாங்கவைத்துச் சுடும்) போட்டியாளர்களும் மட்டுமே வைத்திருந்த கருவி. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் தயாராகும் ஹாக்ஐ போன்ற லென்ஸ் வகைக் கருவிகளுக்குப் பல நூறு டாலர் கொடுக்க வேண்டும். இப்போது நுனியில் குட்டிக் கேமராவும் எல்இடி விளக்கும் வைத்த டெஸ்லாங் வகைக் கம்பிகள் 100 டாலருக்குள்ளேயே கிடைக்கின்றன, செல்போனிலோ லேப்டாப்பிலோ சொருகினால் போதும். கருவி மலிவானதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்த்ததை என்னவென்று படிக்கத் தெரியாமல், கண்டதையெல்லாம் தேய்க்கக் கிளம்புவதால் நல்ல பேரல்கள் வீணாகின்றன.

முதலில் பாதுகாப்பு. மேகசினைக் கழற்றி, போல்ட்டை வெளியே எடுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்த பிறகே கம்பியைக் கையில் எடுக்க வேண்டும். முடிந்தவரை சேம்பர் பக்கமிருந்தே நுழையுங்கள். பேரலின் வாய் விளிம்பை, அதாவது கிரவுனை, கம்பி உரசக் கூடாது. குண்டு பேரலை விட்டுப் பிரியும் கடைசி இடம் அது, அங்கே விழும் சின்னக் காயம்கூட குறியைத் தள்ளிவிடும். பக்கச் சுவரைக் காட்டும் நுனிக் கண்ணாடிக் குழல் சில கருவிகளில் மரை போட்டு மாட்டுவது. உள்ளே திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது அது கழன்று பேரலுக்குள்ளேயே தங்கிவிடலாம். நுழைக்கும் முன் இறுக்கம் பாருங்கள், வெளியே எடுத்ததும் நுனியில் கண்ணாடி இருக்கிறதா என்றும் பாருங்கள். சுட்ட சூடு ஆறாத பேரலில் விடவே வேண்டாம்.

அடுத்தது, ஈரமான பேரலில் பார்ப்பது. சால்வென்ட் (படிவைக் கரைக்கும் திரவம்) ஊற்றித் துடைத்த கையோடு கம்பியை விட்டால் எண்ணெய்ப் படலம் விளக்கொளியில் பளபளக்கும். அந்தப் பளபளப்பில் பள்ளமும் தெரியாது, படிவும் தெரியாது. போதாக்குறைக்குக் கண்ணாடியிலும் ஈரம் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணித்துண்டுகளை, கறையில்லாமல் வெளிவரும்வரை, உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு பாருங்கள். நான் சொல்வது இரண்டு முறை பார்க்கச் சொல்லித்தான்: சுத்தம் செய்யும் முன் ஒரு தடவை, செய்து உலர்த்திய பின் ஒரு தடவை. முதல் தடவை பார்க்காதவருக்குத் தன் சுத்தம் எதை எடுத்தது, எதை விட்டது என்பது கடைசிவரை தெரியாது.

திரையில் தெரிவதன் அளவை மறந்துவிடுவதுதான் ஆகப் பெரிய தவறு. 7.62 மில்லிமீட்டர் துளையின் ஒரு சின்ன மூலை லேப்டாப் திரை முழுக்க விரிகிறது. நகத்துக்குக்கூட அகப்படாத கீறல், கால்வாய் மாதிரி தெரியும். புது ஃபேக்டரி பேரலில் மேடுகளின் குறுக்கே வரி வரியாகத் தெரிவது பெரும்பாலும் துளையைச் சீராக்கிய ரீமரின் தடம். ரைஃப்ளிங் (குண்டைச் சுழலவைக்கும் சுருள் மேடு பள்ளங்கள்) போட்ட பிறகும் அது முழுசாக மறைவதில்லை. கையால் லேப் செய்த (பசை போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கிய) விலை உயர்ந்த பேரல்களில் கோடுகள் நீளவாக்கில், குண்டு போகும் திசையிலேயே ஓடும். குறுக்குத் தடங்களில் குண்டின் மேலுறைச் செம்பு கொஞ்சம் கூடுதலாக ஒட்டும் என்பது உண்மைதான். அதற்காக அந்த பேரல் மோசமாகச் சுடும் என்று ஆகிவிடாது. பார்க்கக் கரடுமுரடாக இருந்துகொண்டு குண்டுகளை நெருக்கமாக ஒரே இடத்தில் போடும் பேரல்கள் உண்டு, கண்ணாடி போல மின்னிவிட்டுச் சிதறடிப்பவையும் உண்டு. புது பேரலைத் திருப்பி அனுப்பும் முன் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்.

இதே பயம் த்ரோட்டில் இரட்டிப்பாகும். சேம்பர் முடிந்து ரைஃப்ளிங் தொடங்கும் அந்த இடத்தில்தான் வெடிமருந்தின் சூடும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கும். சுடச் சுட எஃகின் மேல்தோல் சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறுவதால், வறண்ட ஏரிப்படுகை போல வலைவலையாக வெடிப்பு விடும். சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் ஊசி அடிக்கும் வகை) ரைஃபிளில் இது சில நூறு தோட்டாக்களிலேயே தொடங்கிவிடலாம். இதைப் பார்த்த உடனே பேரலை மாற்ற ஓடுபவர்கள் இருக்கிறார்கள். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான பேரல்கள் பொதுவாக 5,000 தோட்டாக்கள் வரைகூடத் துல்லியம் தருகின்றன. 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கு அதில் ஏறத்தாழ பாதி. அந்த ஆயுளின் பெரும்பகுதி வெடிப்புகளோடேயே கழிகிறது. கவனிக்க வேண்டியது வெடிப்பு இருக்கிறதா என்பதை அல்ல, மேடுகளின் தொடக்கம் எவ்வளவு முன்னே நகர்ந்திருக்கிறது, வெடிப்பு வலை முனையை நோக்கி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது.

அதனால் பதிவு வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் ஆழத்துக்கு ஒரு டேப் அடையாளம், கடிகார முகப்பாக எண்ணினால் எந்த மணிப் பக்கம், அதுவரை எத்தனை தோட்டா, இவ்வளவும் படத்தோடு இருந்தால்தான் ஆறு மாதம் கழித்து ஒப்பிட முடியும். பலரும் கம்பியை மனம்போனபடி சுழற்றிக்கொண்டே உள்ளே போகிறார்கள். பிறகு அதே புள்ளியைத் தேடினால் கிடைக்காது. கண்ணாடி வழியாக வரும் படம் இடம் வலம் மாறி இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளத்தை மேடாகவும் மேட்டைப் பள்ளமாகவும் கண் மாற்றிப் படிப்பது இன்னொரு தொல்லை. துருக்குழி ஒன்று திரையில் ஒட்டிக்கொண்ட கட்டி போலவே தெரியும், ஆளும் அதைச் சுரண்டத் தொடங்கிவிடுவார். கம்பியை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பி நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். ஈரமான துணித்துண்டு ஒன்றை விட்டெடுத்து மறுபடி பார்ப்பதும் உதவும். படிவாக இருந்தால் உருவம் கொஞ்சமாவது மாறும், குழி மாறாது.

செம்பைப் பற்றி நிறையப் பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மலிவுக் கேமராக்களின் நிறம் நம்பத் தகுந்ததல்ல. வெறும் எஃகுகூட லேசான மஞ்சளாகத் தெரியும். பள்ளத்தில் மெல்லிய செம்புப் பூச்சு இருப்பது இயல்பு, பேரல் அதோடுதான் நன்றாகச் சுடுகிறது. கடைசிப் பொட்டு செம்பையும் எடுத்துவிட்டால் மறுநாள் முதல் சில தோட்டாக்கள் எங்கெங்கோ போகும், பேரல் மறுபடி பழக வேண்டும். அம்மோனியா கலந்த சால்வென்ட் போட்ட துணி நீலமாக வருகிறதே என்று கேட்பார்கள். பித்தளை ஜாக் (துணியைத் தள்ளும் கம்பி முனை) பயன்படுத்தினால் அதிலிருக்கும் செம்பே நீலம் விடும். நிக்கல் பூசியதையோ பிளாஸ்டிக்கையோ மாட்டிப் பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.

கார்பன் வளையம் மட்டும் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. சென்டர்ஃபயரில் தோட்டா உறையின் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னும், .22 ரிம்ஃபயரில் (தோட்டாவின் அடி விளிம்பில் ஊசி அடிக்கும் வகை) சேம்பருக்கு உடனே முன்னாலும் கறுப்பாக, கெட்டியாக, வட்டமாகப் படியும். தடித்துவிட்டால் அழுத்தத்தையும் குறியையும் பாதிக்கும். ஆனால் சேம்பர் விளிம்பின் நிழலையே வளையம் என்று எண்ணித் தேய்ப்பவர்களும் உண்டு. நிழல் கம்பியோடு நகரும், கார்பன் இருந்த இடத்திலேயே இருக்கும். கார்பன்தான் என்று தெரிந்தால் கரைப்பானை ஊறவிட்டு வெண்கல பிரஷ்ஷால் எடுங்கள். எஃகு முனையால் சுரண்டுவதும், திரை சுத்தமாகத் தெரியும்வரை உராய்வுப் பசை போட்டு மணிக்கணக்கில் இழுப்பதும் வேண்டாம். கார்பன் போகும், கூடவே மேடுகளின் கூர் விளிம்பும் போகும்.

50 மீட்டர் .22 சுடுபவர்கள் சேம்பருக்கு முன்னால் 6 மணிப் பக்கத்தைத் தனியாகப் பாருங்கள். பல ரிம்ஃபயர் பிரைமர்களில் (மருந்தைப் பற்றவைக்கும் கலவையில்) கண்ணாடித்தூள் கலந்திருக்கும். எச்சம் பேரலின் அடிப்பக்கம் தங்குவதால் தேய்மானம் அங்கேதான் முதலில் தெரிகிறது.

பதற வேண்டிய படங்களும் இருக்கின்றன. சுற்றிலும் ஒரே அகலத்தில் நிழல் வளையம், அதுவும் பேரலின் நடுவில், தெரிந்தால் அது வீக்கமாக இருக்கலாம். மருந்து சரியாக வெடிக்காமல் ஒரு குண்டு உள்ளே தங்கி, அடுத்தது அதன் மேல் சுடப்பட்டால் இப்படி ஆகும். மேடு உடைந்து பெயர்ந்திருப்பது, கிரவுனில் பிசிர், ஆழமான துருக்குழிகள், இவற்றைப் பார்த்தால் சுடுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பழைய ராணுவ ரைஃபிள்களில் துருக்குழி அதிகம். அந்தக் காலத்து பிரைமர்களிலிருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்தபின் உப்பாகப் படிந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெயால் அந்த உப்பு போகாது, தண்ணீரில்தான் கரையும்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள்காரர்கள் வாங்கும் முன் ஓர் அளவு பார்க்க வேண்டும். பரவலாக விற்கும் கம்பிகள் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமன், உங்கள் பேரல் 4.5. நுழையாது. அழுத்தித் தள்ளிப் பார்க்காதீர்கள்.