படகு டிரெய்லரை ஜீப்பில் இழுக்க: கொக்கி தேர்விலிருந்து விளக்கு ஒயரிங் வரை

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மண்டபத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்; வடக்கே பாக் நீரிணைப் பக்கம் சாதுவாக இருக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். சின்ன ஃபைபர் வள்ளம் வைத்திருப்பவர் பாம்பன் கால்வாய் வழியாகச் சுற்றாமல், படகை டிரெய்லரில் ஏற்றி ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு இழுத்துப் போய்விடலாம். தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி, மூக்கையூர் என்று எங்கும் கொண்டுபோகலாம். டிரெய்லர் அடித்துத் தர வெல்டிங் பட்டறைகள் இருக்கின்றன. அதை வண்டியோடு சரியாக இணைப்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஒயரைத் தொட்டே பழக்கமில்லாதவருக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வீடியோக்களில் மோட்டார் ஹோம் பின்னால் ஒரு குட்டிக் கார் தன் நான்கு சக்கரத்திலும் உருண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். நம் சாலை விதிகள் பதிவு பெற்ற டிரெய்லரையும், பழுதாகி நின்ற வண்டியையும் இழுக்க விடுகின்றன. ஓடுகிற காரை வசதிக்காகக் கட்டி இழுக்க விடுவதில்லை. தவிர, ஆட்டோமேட்டிக் கியர் கார்கள் பலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றும். எஞ்சினை அணைத்து இழுத்தால் கியர்பாக்ஸ் காலி. ஆகவே காரோ படகோ, டிரெய்லர் மேல் ஏற்றுவதுதான் நமக்கு வழி. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பதிவும் நம்பர் பிளேட்டும் வேண்டும். பட்டறையில் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் பேசிவிடுங்கள்.

முதல் வேலை: எடை

வண்டியின் கையேட்டை எடுத்து எவ்வளவு எடை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதைப் பற்றிப் பேச்சே இல்லாத சின்னக் கார் என்றால் விட்டுவிடுங்கள். பொலிரோ போல ஏணி மாதிரியான தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) உள்ள வண்டிகளில் கொக்கி மாட்டக் கெட்டியான இடம் இருக்கும்.

அப்புறம் படகு, எஞ்சின், பெட்ரோல் கேன், நங்கூரம், வலை எல்லாவற்றையும் டிரெய்லரில் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பு லாரிகள் நிற்கிற எடைமேடையே போதும். கண்மதிப்பில் சொல்லும் எடை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், அதை நம்ப வேண்டாம். ஐரோப்பாவில் 750 கிலோ வரையிலான டிரெய்லருக்குத்தான் தனி பிரேக் இல்லாமல் ஓட அனுமதி. நாமும் அந்த எல்லையை வைத்துக்கொள்வது நல்லது. அதைத் தாண்டினால் பிரேக் உள்ள டிரெய்லர் வாங்குங்கள்.

மொத்த எடையை விட முக்கியமானது மூக்கு எடை, அதாவது கொக்கியின் மேல் டிரெய்லர் அழுத்துகிற எடை. மொத்தத்தில் 7 முதல் 10 சதவீதம் இருக்கட்டும். 700 கிலோ என்றால் 50 முதல் 70 கிலோ. சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, அதன் மூக்கின் கீழ் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கட்டைக்கு அடியில் வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினை வைத்தால் தெரிந்துவிடும். கட்டையின் உயரம், கொக்கியின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். 10 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினே 35, 40 கிலோ வரும். அது படகின் கடைசியில் தொங்குவதால் மூக்கு லேசாகிவிடும். மூக்கு லேசான டிரெய்லர் வேகம் எடுத்தால் வாலாட்டத் தொடங்கும். எஞ்சினைக் கழற்றி ஜீப்புக்குள் வைத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். போதாவிட்டால் படகை டிரெய்லரில் கொஞ்சம் முன்னே நகர்த்துங்கள்.

கொக்கி

டிராக்டரில் இருப்பது போலத் துளையில் பின் சொருகுகிற கொக்கியைப் பட்டறைக்காரர் கை காட்டுவார். விலை குறைவு. வயலுக்கும் உப்பளத்துக்கும் அது சரி. சாலையில் ஒவ்வொரு பிரேக்குக்கும் கடகடவென்று இடித்துக்கொண்டே வரும், பின் துளை நாளாக ஆக அகன்றுவிடும். 50 மில்லிமீட்டர் பந்துக் கொக்கியும், அதன் மேல் கவிழ்ந்து பூட்டுகிற, டிரெய்லர் மூக்கில் வரும் அதே அளவுக் கப்ளரும் வாங்குங்கள். அமெரிக்க அளவில் 2 அங்குலம் என்று விற்பது 50.8 மில்லிமீட்டர். பந்தையும் கப்ளரையும் ஒரே அளவில் சேர்த்தே வாங்கினால் குழப்பம் இல்லை.

கொக்கியின் இரும்புச் சட்டம் சேஸிஸில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். பம்பரில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொன்னால் அந்தப் பட்டறையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். சுமையோடு நிற்கும்போது டிரெய்லர் தரைக்கு இணையாக இருக்கும்படி பந்தின் உயரம் வேண்டும். ஐரோப்பிய அளவு தரையிலிருந்து 35 முதல் 42 சென்டிமீட்டர். பொலிரோ உயரமான வண்டி, ஆகவே பந்தைக் கீழே இறக்கும் தகடு ஒன்று தேவைப்படலாம்.

கப்ளரைப் பூட்டியபின் ஜாக்கியால் டிரெய்லரின் மூக்கைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு சாலையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

ஒயரிங்: பொறுமை இங்கேதான் வேண்டும்

12 வோல்ட் 7 பின் சாக்கெட் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். லாரிக்கான 24 வோல்ட் சாக்கெட்டும் பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும், கேட்டு வாங்குங்கள். பின்களின் ஒழுங்கு இது:

1 – இடது இண்டிகேட்டர், மஞ்சள்
2 – பின் மூடுபனி விளக்கு, நீலம் (நமக்குத் தேவையில்லை)
3 – எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி), வெள்ளை
4 – வலது இண்டிகேட்டர், பச்சை
5 – வலது பின்விளக்கு, பழுப்பு
6 – பிரேக் விளக்கு, சிவப்பு
7 – இடது பின்விளக்கு, கறுப்பு

இந்த நிறங்கள் டிரெய்லர் பக்கத்துக்கு மட்டும். வண்டிக்குள் ஓடும் ஒயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லாம்ப் (மின்சாரம் வந்தால் எரியும் சின்னச் சோதனை விளக்கு) வைத்துப் பாருங்கள்: கிளிப்பை வெறும் இரும்பில் மாட்டி, முனையைப் பின்விளக்கின் ஒவ்வொரு ஒயரிலும் வைத்து, உள்ளே ஒருவரை இண்டிகேட்டர், பிரேக், விளக்கு என்று வரிசையாகப் போடச் சொல்லுங்கள். எது எது என்று பேப்பர் டேப்பில் எழுதி அந்தந்த ஒயரில் ஒட்டிவிடுங்கள். ஆன்லைனில் கிடைக்கும் 4 பின் அமெரிக்கக் கிட் நமக்கு ஒத்துவராது. அங்கே பல வண்டிகளில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு பல்பில் எரியும். நம் வண்டிகளில் இரண்டும் தனித்தனி.

கண்டுபிடித்த ஒயரிலிருந்து நேராக டிரெய்லருக்குக் கிளை இழுக்க வேண்டாம். சாதாரண பல்பு என்றால் பிரேக்குக்கு 21 வாட் வீதம் இரண்டு. வண்டியின் சொந்த பல்புகளோடு சேர்ந்தால் 84 வாட், அதாவது 7 ஆம்பியர், ஒற்றை பிரேக் சுவிட்ச் வழியாகப் போகும். இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் பிளாஷரின் தாளம் தப்பும். கம்ப்யூட்டர் யூனிட்டால் விளக்கு எரியும் புது வண்டிகளில் அந்த யூனிட்டுக்கே கேடு.

நான்கு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) போடுங்கள்: இடது, வலது, பிரேக், பின்விளக்கு. ஒவ்வொரு ரிலேயிலும் நான்கு எண்கள் இருக்கும். 86-க்கு வண்டியின் விளக்கு ஒயர், 85-க்கு எர்த், 30-க்கு பேட்டரியிலிருந்து வரும் நேர்மின், 87-இலிருந்து சாக்கெட்டுக்கு (பின்விளக்கு ரிலேயிலிருந்து 5, 7 இரண்டு பின்னுக்கும்). பேட்டரியிலிருந்து வரும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, 15 ஆம்பியர் ஃபியூஸ். தள்ளி வைத்தால் ஃபியூஸுக்கு முந்திய ஒயர் எங்காவது உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை. விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். ரிலேக்களை வண்டிக்கு உள்ளே, தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள்.

சரி, எர்த். எந்த ஊர் எலக்ட்ரீஷியனிடம் போனாலும் இந்தப் பேச்சு வரும்.

“எர்த்துக்கு எதுக்குண்ணே தனி ஒயர்? இரும்பு பூராவும் எர்த்துதானே!”

மதுரையில் அது ஓடும். ராமேசுவரத்தில் ஓடாது. பல்பின் எர்த்தை டிரெய்லர் சட்டத்தில் முடுக்கினால், மின்சாரம் சட்டம், கப்ளர், பந்து வழியாகத்தான் வண்டிக்குத் திரும்ப வேண்டும். உப்புக் காற்றில் அந்த மூன்று இடத்திலும் துரு ஏறும். திரும்ப வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாக ஓடப் பார்க்கும். அதனால்தான் இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்கும், பிரேக் மிதித்தால் எல்லாம் மங்கும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்றே தெரியாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் 3-ஆம் பின்னுக்குக் கொண்டுவாருங்கள். வண்டிப் பக்கம் அந்தப் பின்னிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டரில், பெயின்ட் சுரண்டிய சேஸிஸ் போல்ட்டுக்கு. எலக்ட்ரீஷியன் முணுமுணுத்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒயரும் சாதாரணச் செம்பாக இருந்தால், உறைக்குள்ளேயே பச்சைக் களிம்பு ஏறிக் கருத்துப்போகும். வெளியே பார்த்தால் புத்தம் புதிது மாதிரி இருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கேளுங்கள், படகுச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். விலை கூடுதல்தான், ஆனால் காசு போட வேண்டிய இடம் இதுதான். இணைப்புகளைச் சும்மா முறுக்கி டேப் சுற்றாமல் கிரிம்ப் போட்டு (உலோகக் குழலில் ஒயரை நுழைத்து இடுக்கியால் நசுக்கி), சூடுபட்டால் சுருங்குகிற, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஏற்றிச் சூடுகாட்டுங்கள். சாக்கெட்டின் பின்களில் கொஞ்சம் வாசலின்.

விளக்கைக் கடலில் இறக்காதீர்கள்

பாக் நீரிணைக் கரை ஆழமில்லாதது. வள்ளம் மிதக்க டிரெய்லரை வெகுதூரம் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். டிரெய்லர் சட்டத்தில் விளக்கை நிரந்தரமாக மாட்டினால் ஒவ்வொரு முறையும் அது கடலில் குளிக்கும். பத்து நிமிடம் பிரேக் அடித்துச் சூடான பல்பில் தண்ணீர் பட்டால் கண்ணாடி தெறிக்கும்.

அதனால் கழற்றி மாட்டும் லைட் போர்டைத்தான் சிபாரிசு செய்வேன். அகலமான ஒரு பலகை அல்லது அலுமினியப் பட்டை. அதன் இரு முனையிலும் எல்.இ.டி. விளக்கு, நடுவில் நம்பர் பிளேட், நீளமான கேபிள், முனையில் 7 பின் பிளக். சாலையில் படகின் பின்பக்கம் கட்டிக்கொள்ளுங்கள், கரைக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கி ஜீப்புக்குள் போடுங்கள். டிரெய்லரில் ஒயரே ஓடாது. கேபிள் சாலையில் உரசாமலும், திருப்பத்தில் இழுபடாமலும் நீளம் பார்த்துக் கட்டுங்கள்.

ஜீப்பையும் தண்ணீருக்குள் விடவேண்டாம். கெட்டி மணலில் நிறுத்தி, டிரெய்லரைக் கழற்றி, நீளக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குங்கள். ஓடி வந்த சூட்டோடு சக்கர ஹப் தண்ணீரில் இறங்கினால், உள்காற்று சட்டென்று குளிர்ந்து உப்புத் தண்ணீரை பேரிங்குக்குள் இழுக்கும். சூடு ஆறட்டும். வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கிளம்புவதற்கு முன்

எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரைப் பின்னால் நிறுத்தி ஒவ்வொரு விளக்காகப் பாருங்கள். பின்விளக்கு எரியும்போதே இண்டிகேட்டர், அதோடு பிரேக் என்று சேர்த்தும் போட்டுப் பாருங்கள். எர்த் கோளாறு சேர்த்துப் போடும்போதுதான் தன்னைக் காட்டும். வண்டியின் சொந்த இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்தால் வண்டியிலேயே அந்தப் பக்க பல்பு போயிருக்கிறது. பிளக் சொருகியதும் ஃபியூஸ் போனால், ஒயர் எங்கோ இரும்பில் உரசித் தோல் கிழிந்திருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

படகின் முன்பக்கத்தை வின்ச் பெல்ட்டிலும் பின்பக்கத்தை இரண்டு பெல்ட்டிலும் கட்டுங்கள். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று படகைத்தான் முதலில் பிடிக்கும். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. சாலைப் பாலத்தில் உங்களுக்கு அப்படிச் சிக்னல் கிடையாது. காற்று பலமாக இருந்தால் மண்டபத்தில் டீ குடித்துக் காத்திருங்கள். பாலத்தின் மேல் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வேகம் குறையக் குறைய ஆட்டம் தானே அடங்கும். இறங்கியதும் ஓரம் கட்டி, படகு பின்னுக்கு நகர்ந்திருக்கிறதா, மூக்கு லேசாகியிருக்கிறதா என்று பாருங்கள்.