'லேட்': தாமதமா, மறைவா?

ஆங்கிலத்தில் 'லேட்' எங்கே நிற்கிறது என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. 'ஹிஸ் ஃபாதர் இஸ் லேட்' என்றால் பொதுவாக அப்பா இன்னும் வந்து சேரவில்லை. 'ஹிஸ் லேட் ஃபாதர்' என்றால் அவர் காலமாகிவிட்டார். துக்கம் விசாரித்து எழுதும் கடிதத்தில் இது மாறிப்போனால் படிப்பவர் மனம் நோகும். அனுப்புமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

'மறைந்த' என்ற பொருளில் வரும்போது முன்னால் 'த', 'மை', 'ஹிஸ்' போன்ற சொல் வேண்டும். நம் கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்கு முன் வெறும் 'லேட்' போடுவது இந்திய வழக்கம். ஆங்கிலக் கட்டுரையில் 'த லேட்' என்றே எழுதுங்கள். அண்மைக்காலத்தில் மறைந்தவர்களுக்குத்தான் இது பொருந்தும். ஷேக்ஸ்பியருக்குப் போட்டால் விநோதமாக ஒலிக்கும்.

தாமதத்தின் அளவு முன்னால் வரும்: 'டென் மினிட்ஸ் லேட்'. எதற்குத் தாமதம் என்பதற்கு 'ஃபார்': 'லேட் ஃபார் வொர்க்'.

'லேட் ட்வென்டீஸ்' என்றால் ஏறத்தாழ 27 முதல் 29 வயது.

அதிகம் தடுமாறுவது 'லேட்லி'யில். அதற்குத் தாமதம் என்ற பொருளே இல்லை, 'சமீபகாலமாக' என்று பொருள். தாமதமாக வந்தான் என்பதற்கு 'ஹி கேம் லேட்' போதும்.