முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின் நாயைப் பராமரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்க்கு முழங்கால் ஜவ்வு அறுந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில் தவறு செய்வதில்லை. தையல் கண்ணுக்குத் தெரிகிறது, கால் வீங்கியிருக்கிறது, நாயும் சோர்ந்து படுத்திருக்கிறது. வீடே அடங்கி அதைப் பச்சைப் பிள்ளையைப்போல் பார்த்துக்கொள்கிறது. தவறுகள் தொடங்குவது மூன்றாம் வாரத்தில்தான். தையல் பிரித்தாயிற்று, நாய் நான்கு கால்களையும் ஊன்றி வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிறது என்றதும், குணமாகிவிட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அந்த நேரத்தில் உள்ளே எலும்பு இன்னும் கூடியிருக்காது.

இதைப் புரிந்துகொள்ள, நாயின் பின்னங்கால் முட்டி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நாய் நிற்கும்போதும் அதன் முட்டி மடங்கியே இருக்கிறது. கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதி பின்னோக்கிச் சரிந்திருக்கிறது. பல நாய்களில் அந்தச் சரிவு 25 பாகை அளவுக்கு இருக்கும். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் தொடை எலும்பு அந்தச் சரிவில் வழுக்கி இறங்கப் பார்க்கிறது. அதை இழுத்துப் பிடித்திருப்பதுதான் ஜவ்வு. மனிதர்களுக்குப் பந்து விளையாடும்போது படீரென்று அறுவதைப்போல் நாய்க்கு அறுவது குறைவு. கிணற்றுக் கயிறு உருளையில் உராய்ந்து புரிபுரியாக விட்டுப்போவதுபோல, மாதக்கணக்கில் நைந்து ஒருநாள் அற்றுப்போகிறது.

பெரிய நாய்களுக்கு இன்று அதிகம் செய்யப்படும் டி.பி.எல்.ஓ. என்ற அறுவையில், அறுந்த ஜவ்வைத் தைப்பதில்லை. கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வளைவாக அறுத்து, சரிவு ஏறத்தாழ 5 பாகைக்கு வரும்படி திருப்பி, தகடும் திருகாணிகளும் வைத்து இறுக்குகிறார்கள். ஜவ்வு இல்லாமலேயே முட்டி நிலைத்து நிற்கும் என்பதுதான் அதன் கணக்கு. அறுத்த எலும்பு கூடுவதற்கு 8 முதல் 12 வாரங்கள் ஆகும். சிறிய நாய்களுக்குப் பெரும்பாலும் மூட்டின் வெளிப்புறமாகத் தடித்த நைலான் இழையைக் கட்டி இறுக்குவார்கள். மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து கெட்டிப்படும்வரை அந்த இழைதான் பாரத்தைத் தாங்க வேண்டும். எந்த முறையானாலும், நாய் நொண்டாமல் நடக்கத் தொடங்குவது வலி குறைந்ததால்தான், காயம் முழுவதும் ஆறியதால் அல்ல. வலி குறைவதற்கும் எலும்பு கூடுவதற்கும் இடையே கிடக்கும் அந்த ஐந்தாறு வாரங்கள்தான் ஆபத்தானவை.

எங்கள் வீட்டு மணி ஏழு வயது லேப்ரடார். நான்காம் வாரத்தில் அவன் வீட்டுக்குள் நேராக நடந்தான். எதிர்வீட்டு ஆச்சி தினமும் வாசலில் நின்று, "ஏய்யா, நல்லாத்தான நடக்கு? வாயில்லாச் சீவன எதுக்குய்யா இப்படிப் பூட்டி வச்சிருக்க?" என்று கேட்பார்கள். இரக்கத்தில் கேட்ட கேள்விதான். நானும் அந்த இரக்கத்துக்கு ஆட்பட்டேன். ஐந்தாம் வாரத்தில் தெருக்கோயிலில் கொடைத் திருவிழா. மாலையில் அவனை முன்னறையில் அவிழ்த்துவிட்டிருந்தேன். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு முதல் வேட்டு வெடித்ததும் கட்டில்மேல் பாய்ந்து ஏறி, அடுத்த வேட்டுக்கு அங்கிருந்து தரையில் குதித்தான். மறுநாள் காலை அந்தக் கால் தரையில் படவில்லை. எக்ஸ்ரேயில் தகடு விலகவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் இரண்டாம் வாரத்தில் இருந்த நிலைக்குத் திரும்பி, அங்கிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் சித்திரை முதல் ஆடி வரை ஏதாவது ஓர் ஊரில் கொடை நடந்துகொண்டேதான் இருக்கும். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே அடுத்த மூன்று மாதத்தில் கொடையோ தீபாவளியோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, வந்தால் அச்சம் தணிக்கும் மருந்து தர முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

கட்டுப்படுத்தி வைப்பது என்றதும் பலர் சங்கிலியை எடுத்து வேப்பமரத்தடியில் கட்டிவிடுகிறார்கள். இது இன்னொரு தவறு. பால்காரர் வந்தால், பூனை மதிலேறினால், தெருநாய் கேட்டருகே முகர்ந்தால், கட்டிய நாய் சங்கிலி நீளத்துக்கு ஓடி, இறுதியில் சுண்டி இழுபட்டு, பின்னங்காலில் முழு உடலையும் திருப்புகிறது. புதிதாக வைத்த தகட்டுக்கு அந்தத் திருப்பம்தான் எதிரி. எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு இடமுள்ள கூண்டோ, கட்டிலும் சோபாவும் இல்லாத சிறிய அறையோ போதும். தெரு தெரியாத, ஆனால் வீட்டாரின் பேச்சுக் குரல் கேட்கும் அறையாக இருந்தால் நாய் ஏங்காது. தகரக் கொட்டகையும் மொட்டைமாடி அறையும் வேண்டாம்; தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிய நாய்க்கு நம் ஊர் வெயிலில் மூச்சு வாங்குவதே பெரும்பாடாக இருக்கும்.

தரையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. புது வீடுகளில் வழவழப்பான டைல்ஸ், பழைய வீடுகளில் மெருகேறிய சிவப்புத் தரை. இரண்டுமே அறுவை செய்த நாய்க்குச் சறுக்குப் பாறைதான். சாக்கை விரித்தால் சாக்கே நாயோடு சேர்ந்து சறுக்கும். பத்தமடைப் பாய் நமக்கு எவ்வளவு சுகமானாலும் கோரையின் வழுவழுப்பு நாயின் பாதத்துக்குப் பிடி கொடுக்காது. அடியில் ரப்பர் பூசிய தென்னைநார் மிதியடிகளை, படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரையிலும் அங்கிருந்து வாசல் வரையிலும் இடைவெளியில்லாமல் பாதைபோல் போட்டுவைக்க வேண்டும். பாத மெத்தைகளுக்கிடையே வளர்ந்த முடியையும் நீண்ட நகங்களையும் வெட்டிவிட்டால் பாதிச் சறுக்கல் குறையும். வாசற்படி இறங்கும்போது அடிவயிற்றுக்குக் கீழே ஒரு துவாலையைக் கொடுத்து, இரு முனைகளையும் மேலே சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்க வேண்டியதில்லை, சறுக்கினால் தாங்கும் அளவுக்குப் பிடித்தால் போதும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. எல்லாம் ஆறும்வரை அசையவே விடக்கூடாது என்று சிலர் நாயை இரண்டு மாதம் படுக்கவைத்துவிடுகிறார்கள். தொடைத் தசை வியக்கத்தக்க வேகத்தில் கரைந்துவிடும். எலும்பு கூடிய பிறகும் அந்தக் கால் குச்சியாகத் தொங்கும். பெரும்பாலான நாய்கள் முதல் சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பாதத்தைத் தரையில் வைக்கத் தொடங்கும். முதல் இரண்டு வாரம் மலம் சிறுநீர் கழிக்க மட்டும், குட்டையான கயிற்றில், ஐந்து நிமிடம். அதன்பின் மருத்துவர் சொல்லும் அளவுக்கு வாரத்துக்கு ஐந்து நிமிடம்போல் கூட்டிக்கொண்டே போகலாம். இங்கே நடையின் நீளத்தைவிட வேகம்தான் முக்கியம். வேகமாக நடத்தினால் நாய் மூன்று காலில் தத்திக்கொண்டு நம்மோடு வந்துவிடும். கோயில் பிராகாரம் சுற்றுபவரைப்போல் நாம் மெல்ல நடந்தால்தான் வேறு வழியில்லாமல் நான்காவது காலையும் ஊன்றும். கோடையில் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் நடத்துங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் அந்தச் சாலை நாய்க்கும் ஆகாது.

நான் வாரந்தோறும் இரண்டு சோதனைகள் செய்துபார்த்தேன். ஒன்று, மணி நின்றுகொண்டிருக்கும்போது அறுவை செய்த காலின் பாதத்துக்கடியில் நாளிதழ்த் துண்டு ஒன்றைச் செருகி மெல்ல இழுப்பது. மூன்றாம் வாரத்தில் தாள் தடையில்லாமல் கையோடு வந்தது. கால் தரையைத் தொட்டதே தவிரப் பாரம் அதில் இறங்கவில்லை. ஒன்பதாம் வாரத்தில் தாள் கிழிந்தது. மற்றொன்று, தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பால் இரண்டு தொடைகளையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து நாட்காட்டியில் குறித்துவைப்பது. கண் நம்மை ஏமாற்றும். அந்த எண்களை மருத்துவரிடம் காட்டினால் அவருக்கும் உதவியாக இருக்கும்.

வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கொடுப்பது உயிருக்கே உலைவைக்கும். பாராசிட்டமால், இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் என்று மனிதர்களுக்காக மருந்துக்கடையில் வாங்கிவைத்திருப்பதில் எதையும், பாதியாக உடைத்துக்கூட, நாய்க்குக் கொடுக்காதீர்கள். இரைப்பை புண்ணாகிக் குருதி கசியும். சிறுநீரகமோ கல்லீரலோ கெடும். கால்நடை மருத்துவர் எழுதித் தரும் கார்புரோஃபன், மெலாக்சிகாம் போன்ற மருந்துகளையும் உணவுக்குப் பிறகே கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. தோல் அரிப்புக்கு வேறொரு மருத்துவர் முன்பு கொடுத்த மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கலாம் என்பதால், நாய் சாப்பிடும் அனைத்தையும் அறுவை செய்தவரிடம் எடுத்துக் காட்டிவிடுங்கள். வாந்தி எடுத்தாலோ மலம் தார்போல் கறுத்துப் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதேபோல், நாய் சுறுசுறுப்பாக இருக்கிறதே என்று வலி மருந்தையும் நுண்ணுயிர்க்கொல்லியையும் பாதியில் நிறுத்துவதும் தவறு; வலி திரும்பினால் கால் ஊன்றாது, ஊன்றாவிட்டால் தசை கரையும்.

தைலம் தேய்ப்பது நம் கைப்பழக்கம். கற்பூரமும் விண்டர்கிரீன் எண்ணெயும் கலந்த வலித் தைலங்கள் நாய் நக்கினால் நஞ்சு. பற்றுப் போடுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். முதல் மூன்று நாள், ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி, பத்து பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை ஒத்தடம் கொடுத்தால் வீக்கம் வடியும். வெந்நீர் ஒத்தடம் அதற்குப் பிறகு மருத்துவர் சொன்னால்தான்.

கூம்பைக் கழற்றுவது பற்றி ஒரு சொல். நாய் பரிதாபமாகப் பார்க்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் கழற்றி, பிறகு மாட்ட மறந்துவிடுகிறோம். ஒரு மணி நேரம் விடாமல் நக்கினால் தையல் பிரிந்துவிடும். நாய் நாக்கில் மருந்து இருக்கிறது என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நாக்கிலிருந்து இறங்கும் கிருமி உள்ளே தகடுவரை போனால், அதை அகற்ற இன்னோர் அறுவை தேவைப்படலாம். தையல் பிரிக்கும் 10 முதல் 14 நாள் வரை கூம்பு கழுத்திலேயே இருக்கட்டும்.

எலும்பு கூடுவதற்கு ஆட்டுக்கால் சூப், கால்சியம் மாத்திரை, கோழி எலும்பு என்று அன்பைக் கொட்டிக் கொடுக்கும் வீடுகள் அநேகம். முழுமையான உணவு உண்ணும் வளர்ந்த நாய்க்குக் கூடுதல் கால்சியம் தேவையில்லை. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். சூப்பில் போடும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பார்க்க வருகிறவர்கள் கையில் அல்வாப் பொட்டலம் இருக்கும். நெய் சொட்டும் அந்தத் துண்டு கணையத்தை வீங்கவைக்கக்கூடும் என்பதை அவர்களுக்குப் பணிவாகச் சொல்லிவிட வேண்டும். படுத்தே கிடக்கும் நாய்க்கு வழக்கமான அளவு உணவே மிகுதி. எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டுக் குறையுங்கள். விலா எலும்பு அழுத்தாமல் விரலுக்குத் தட்டுப்பட்டால் எடை சரி. அறுவைக்கு மணி 38 கிலோவோடு போனான். கூடுதலாக இருந்த ஒவ்வொரு கிலோவும் அந்த முட்டியின் மேல்தான் ஏறியிருந்தது.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்கள், நீச்சல் மூட்டுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு நாயை ஆற்றுக்கு அழைத்துப் போகிறார்கள். நீச்சல் நல்லதுதான், எலும்பு கூடிய பிறகு, மருத்துவர் அனுமதித்த பிறகு. ஆனால் ஆற்றில் இறங்கப் படித்துறை வழியாகத்தான் போக வேண்டும். பாசி பிடித்த கல்லில் நல்ல காலுள்ள நாயே சறுக்குகிறது. தையல் முழுதாக ஆறாமல் ஆற்றுநீர் படுவது சீழுக்கு அழைப்பு.

எட்டாம் வார எக்ஸ்ரேயைத் தவிர்ப்பதுதான் மிகப் பரவலான தவறாக எனக்குத் தோன்றுகிறது. அம்பாசமுத்திரத்திலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ வாடகை வண்டி பிடித்து வர வேண்டும், நாயும் நன்றாக நடக்கிறது, எதற்கு வீண் செலவு என்று தோன்றுவது இயல்பு. எலும்பு கூடியதா என்பதை அந்தப் படம்தான் சொல்லும். அதைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் மாவட்டத்தாருக்கு ஒரு வாய்ப்பு. அறுவை வெளியூரில் நடந்திருந்தால், தொடர் பரிசோதனையை அங்கே பார்த்துக்கொள்ள முடியுமா என்று அறுவை செய்தவரிடமும் கல்லூரியிலும் கேட்டுப் பாருங்கள். ஸ்கூட்டர் கால்தட்டில் ஏற்றிக்கொண்டு மட்டும் வராதீர்கள். பாதி வழியில் குதித்துவிடும். ஆட்டோவில் இருக்கைமேல் ஏறவிடாமல் தரையில் மிதியடி விரித்துப் படுக்கவைத்து, இறக்கும்போது மார்புக்கும் தொடைக்கும் கை கொடுத்துத் தூக்கி இறக்க வேண்டும்.

படம் நன்றாக இருந்தாலும் கயிறில்லாத ஓட்டத்துக்குப் படிப்படியாகத்தான் போக வேண்டும். பல நாய்களுக்கு அதற்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகிறது. அதன்பிறகு கண்ணை மற்றொரு காலில் வைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு முட்டியில் ஜவ்வு அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்குப் பிற்காலத்தில் மறு முட்டியிலும் அறுகிறது. அறுவதற்கு முன்பே நாய் அதைக் காட்டும். முன்பு இரண்டு தொடையையும் மடக்கிச் சதுரமாக உட்கார்ந்த நாய், ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்காரும். படுத்து எழுந்ததும் நாலடி நொண்டிவிட்டுச் சரியாகும். ஒரே தாவலில் ஏறிய திண்ணைக்கு முன்னால் நின்று நம் முகத்தைப் பார்க்கும். மணி இப்போது உட்காரும் ஒவ்வொரு முறையும் நான் பின்பக்கமாகப் போய் நின்று, இரண்டு பாதங்களும் உடலுக்கடியில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கிறேன்.