பீட்ரூட் துருவிக்கொண்டே ஜெபிப்பது எப்படி

சேலம் அம்மாபேட்டையில் மாலை ஐந்து மணிக்குத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவிய காரட், பீட்ரூட்டும் வைத்தது) கடை போடுகிறவள் நான். இருபத்தொரு வருடம் ஆகிறது. ஜெபத்தைப் பற்றிச் சொல்லித்தர உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. என் மருமகள் கேட்டாள், அதனால் எழுதுகிறேன்.

"அத்தை, காலையில் முழங்காலில் நின்றால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன். பாப்பா பிறந்த பிறகு அதுவும் போய்விட்டது. நீங்கள் எப்போதுதான் ஜெபிக்கிறீர்கள்?"

"பீட்ரூட் துருவும்போது கண்ணு" என்றேன். கேலி செய்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேலி இல்லை. ஜெபிக்க நேரம் தேடினால் கிடைக்காது. ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையைத் தேடுங்கள். அது தினமும் வர வேண்டும். கைக்கு வேலை இருக்க வேண்டும், தலைக்கு வேலை இருக்கக் கூடாது. பத்து நிமிடமாவது நீள வேண்டும். எனக்கு அது மதியம் இரண்டரை மணி: மூன்று கிலோ காரட், இரண்டு கிலோ பீட்ரூட். வெங்காயம் இதற்கு ஆகாது. கண்ணீர் எதற்கு வருகிறது என்று நமக்கே குழம்பிவிடும். சில்லறை எண்ணும்போதும் வேண்டாம், ஆமென் சொல்வதற்குள் கணக்கு தப்பும். துணி மடிப்பது நல்ல வேலை. மருமகளுக்கு நான் சொன்னது, இரவு இரண்டு மணிக்குப் பாப்பாவுக்குப் பால் கொடுக்கிற நேரம். எப்படியும் விழித்துத்தான் இருக்கிறாள்.

என்ன சொல்வது என்று தெரியாதவர்கள், இயேசு சீஷர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சொன்னால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்படிச் சொல்லாமல் ஒரு நாளைக்கு ஒரே வரி. அன்று முழுக்க அதே வரிதான். ஒரு பீட்ரூட் துருவி முடித்ததும் ஒருமுறை, அடுத்தது முடிந்ததும் ஒருமுறை.

இப்படிச் செய்து பார்த்துத்தான் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரியில் 'இன்று' என்ற சொல் இருப்பதையே கவனித்தேன். ஐம்பது வயதுக்கு மேல்! கொத்தமல்லிச் சட்னி அரைக்கிற எனக்கு அது உடனே விளங்கியது. பச்சைச் சட்னி மறுநாளைக்கு ஆகாது. நிறம் கறுத்து, வாடை மாறிவிடும். வேதாகமத்தில் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு தேவன் வானத்திலிருந்து கொடுத்த மன்னா என்ற ஆகாரத்தை மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தபோது அதுவும் அப்படித்தான் புழுத்து நாறியது. ஓய்வுநாளைக்கு எடுத்துவைத்தது மட்டும் கெடவில்லை. ஆகவே அந்த வரி வருகிற நாளில் பேரன் படிப்பு, அடுத்த வருட வாடகை எதையும் கேட்பதில்லை. இன்றைக்கு மழை வராமல் இருக்க வேண்டும், தட்டுவடை நமத்துப்போகாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த வரி எளிதில்லை. ஆராதனையில் 'குற்றங்களை மன்னியும்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்த ஜெபம் இருக்கிற மத்தேயு 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள், அங்கே 'கடன்கள்', 'கடனாளிகள்' என்று இருக்கிறது. என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் கடனாளிகள் பக்கம். அந்த வரி வருகிற நாளில் நோட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து, ஒவ்வொரு பெயராக வாசித்து ஜெபிப்பது என்று முடிவு செய்தேன்.

ஒரு ஆட்டோக்காரர், 340 ரூபாய். தீபாவளிக்கு முன்னால் சாப்பிட்டது. முதல் வாரம் எப்படி ஜெபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, பணத்தைக் கொடுக்கும்படி அவர் மனதைத் தொடும்." அது ஜெபம் இல்லை, வசூல். அவருக்கு என்ன தேவையோ அதைக் கேட்பதுதான் முறை என்று பிறகு உறைத்தது. அவருக்கு என்ன தேவை என்று எனக்கு எப்படித் தெரியும்? விசாரிக்க வேண்டியதாயிற்று. அவர் மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். இந்தச் சங்கதி பக்கத்துப் பூக்கடைக்காரிக்கு ஆறு மாதமாகத் தெரியும். எனக்கு 340 மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது அந்த அம்மாவின் பெயரையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். தொகையை இன்னும் அடிக்கவில்லை. கேட்கவும் இல்லை. அதற்கு மேல் எனக்கு மனம் வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனவே மற்றவருக்காக ஜெபிக்கிறவர்கள் பெயரோடு ஒரு தேவையையும் சேர்த்துக் கேளுங்கள். 'எல்லாரையும் ஆசீர்வதியும்' என்று மொத்தமாகச் சொன்னால் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, அதுதான் அதிலுள்ள வசதி.

குடும்ப ஜெபத்துக்கு ஒரே ஒரு ஆலோசனை: முதலில் அடுப்பை அணையுங்கள். என் வீட்டுக்காரர் ஜெபிக்க ஆரம்பித்தால் ஆதாமில் தொடங்குவார். அவர் நோவா வரும்போது பால் பொங்கி வழியும். பிள்ளைகள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் முடித்தால் பிள்ளைகள் மறுநாளும் உட்காருவார்கள்.

அவர் போய் ஒன்பது வருடமாகிறது. பிழைக்க வேண்டும் என்று பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபித்தேன், சபையே ஜெபித்தது. பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த மாதிரி சமயத்தில் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, சொந்த வார்த்தைக்குக் காத்திராமல் வேதாகமத்தில் சங்கீதம் என்கிற ஜெபப் பாடல்களைத் திறந்து வாசிப்பது. மொத்தம் 150 இருக்கிறது. புகார் சொல்கிறவை எத்தனை என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். 88ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டுதான், முடிவில் கூட ஆறுதல் வருவதில்லை. அதை வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்களே என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. என் வேதாகமத்தில் அந்தப் பக்க ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. பீட்ரூட் கறை, ஒன்பது வருடமாகிறது, வெளிறியிருக்கிறதே தவிரப் போகவில்லை. இரண்டாவது, வேறு யாரையாவது பக்கத்தில் உட்காரவிடுவது. சபையில் ஒரு அக்கா தினமும் மதியம் வந்து, ஒன்றும் பேசாமல், காரட் தோல் சீவிக்கொடுத்துவிட்டுப் போவார். ஜெபிக்கலாமா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கடையில் கூட்டம் நிற்கும்போது நீளமாக எதுவும் முடியாது. லூக்கா 18இல் வரி வசூலிக்கிற ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு சொன்ன "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரு வரி போதும். சட்னி ஊற்றுகிற நேரத்தில் சொல்லிவிடலாம்.

வருடத்துக்கு இரண்டு முறை கடையை மூடிவிட்டு ஏற்காடு பஸ் ஏறுவேன். அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. சங்கீதப் புத்தகத்தில் 120 முதல் 134 வரை பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள், அதாவது மேலேறிப் போகிறவர்களுக்கானவை. வளைவுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போவேன். புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் நாலாவது வளைவிலேயே குமட்டும், ஆகவே மனப்பாடம்தான் வழி. பதினைந்தும் ஏற எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. மூன்றே வசனமுள்ள 131, 133, 134 மூன்றிலிருந்து தொடங்குங்கள். 132 மட்டும் 18 வசனம், பதின்மூன்றாம் வளைவில் ஆரம்பித்தால் அடுத்த வளைவையும் விழுங்கிவிடும். கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது நல்லது.

சங்கீதம் தீர்ந்த பிறகு மிச்சமுள்ள வளைவுகளுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குளிர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். இறங்கும்போது எண்ணுவதே இல்லை, ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்று 127இல் இருக்கிறது, எட்டாவது வளைவு.