பயிற்சி வடிவமைப்பாளர் தன் போர்ட்ஃபோலியோவை உருவாக்குவது எப்படி

பாடம் நடத்துவது ஆசிரியரின் வேலை என்றால், எதை, எந்த வரிசையில், எந்த வடிவில் தந்தால் கற்பவர் அதைத் தம் வேலையில் செய்து காட்டுவார் என்று திட்டமிடுவது இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனரின் வேலை. கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளி ஆசிரியராகவோ நிறுவனப் பயிற்சியாளராகவோ இருந்துகொண்டு இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்பதைத்தான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் எதைக் காட்டப் போகிறோம் என்பதே அது.

நானும் ஆசிரியராக இருந்து வந்தவள்தான். என் முதல் போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை மாதிரிகளின் தொகுப்பில், அசையும் படங்களும் பின்னணி இசையும் கொண்ட மூன்று மாதிரிப் பாடங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்து முடித்த ஒருவர், "இந்தப் பயிற்சி யாருக்கு? அவர்கள் எதைத் தவறாகச் செய்துகொண்டிருந்தார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. திரை அழகாக இருப்பதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்தத் திரையில் ஏன் அதை வைத்தோம், எதை ஏன் விட்டோம் என்பதை நாம் எழுதி வைக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. வேலைக்கு எடுப்பவர் தேடுவது இந்த இரண்டாவதைத்தான் என்று நான் நம்புகிறேன். ஆகவே இரண்டு அல்லது மூன்று மாதிரிகள் போதும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பிரச்சினையிலிருந்து தொடங்கி ஒரு தீர்வுக்கு வந்த வழியைக் காட்ட வேண்டும்.

மாதிரிக்கான பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அதைக் கற்கப் போகிறவரை நேரில் சந்திக்க முடியுமா என்று பாருங்கள். "காலத்தை நிர்வகிப்பது எப்படி" போன்ற பொதுத் தலைப்புகளை நூற்றுக்கணக்கானோர் செய்திருப்பார்கள். நம் பக்கத்திலோ பண்ருட்டியின் முந்திரி ஆலைகள், நெய்வேலியின் சுரங்கம், கடலூர் சிப்காட்டின் ரசாயனத் தொழிற்சாலைகள், புதுச்சேரியின் மருத்துவமனைகள் என்று, சிறு தவறும் பெரிய விலை கேட்கும் வேலைகள் ஏராளம். நான் எடுத்துக்கொண்டது, பராமரிப்புக்காக மூடிய தொட்டிக்குள் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான ஆறு நிமிடப் பாடம். வெளிக்காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 20.9 சதவீதம் இருக்கிறது, அது 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க அவசரப்பட்டு இறங்குகிறவரும் விழுந்துவிடுகிறார் என்பதுதான் இந்த வேலையின் மிகக் கொடிய பகுதி. இந்தச் செய்திகள் எல்லாம் வெளிப்படையாகக் கிடைப்பவை. எந்த நிறுவனத்தின் உள் ஆவணமும் எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்து நோக்கத்தை எழுத வேண்டும். "மூடிய இடத்தின் ஆபத்துகளைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால், புரிந்துகொண்டாரா என்பதை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. கற்றல் நோக்கத்தில் செயல், சூழல், அளவுகோல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ராபர்ட் மேகர் 1962-இல் சொன்னது இன்றும் நல்ல உரைகல். அதன்படி நான் இவ்வாறு மாற்றினேன்: "தொட்டியின் வாயருகே நிற்கும்போது, அனுமதிச் சீட்டில் கையெழுத்தாயிற்றா, உள்ளே வரும் குழாய்கள் அடைக்கப்பட்டனவா, வாயு அளவு எடுத்தாயிற்றா, வெளியே ஒருவர் காவல் நிற்கிறாரா என்னும் நான்கு கேள்விகளையும், தாளைப் பார்க்காமல், ஒன்றும் விடாமல் கேட்பார்." முதலில் எழுதியதையும் திருத்தியதையும் அடுத்தடுத்து போர்ட்ஃபோலியோவில் வையுங்கள், ஏனெனில் திருத்தம் என்பது நாம் யோசித்ததற்கான நேரடிச் சான்று.

ஒரே ஒரு திரையையாவது இதே போல மிக நெருக்கமாகக் காட்டுங்கள். கையேடுகளில் வழக்கமாக வரும் வாக்கியம், "ஆக்சிஜன் அளவு 19.5 சதவீதத்திற்குக் குறைவாக இருப்பின் நுழைவு தடைசெய்யப்பட்டுள்ளது" என்பது. அதை நான் ஒரு காட்சியாக மாற்றினேன். மீட்டர் 18.2 காட்டுகிறது, மேஸ்திரி, "ரெண்டு நிமிஷ வேலதாம்பா, எறங்கி வால்வத் திருப்பிட்டு வந்துடு" என்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. தவறான விடைகள் முட்டாள்தனமாக இருக்கக் கூடாது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்குவது, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவது என்று, உண்மையில் ஆட்கள் செய்கிறவற்றையே விடைகளாக வைத்தேன். தவறான விடையைத் தொட்டால் "தவறு" என்று சிவப்பில் வராமல், அடுத்து உள்ளே என்ன நடக்கிறது என்பது இரண்டே வரியில் வரும்.

பிறகு அந்தப் பாடத்தைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு போய், கடலூர் முதுநகரில் ஒரு டீக்கடையில், இந்த வேலை தெரிந்த மூன்று பேரிடம் காட்டினேன். மூவரில் மூத்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மீட்டர் எங்க கையில எங்க இருக்கு? அது சேஃப்டி சார் கையிலதான் இருக்கும்" என்றார். நான் இரண்டு வாரம் உழைத்த காட்சி அந்த ஒரு வாக்கியத்தில் தவறென்று தெரிந்துபோனது. தொழிலாளி மீட்டரைப் படிக்க வேண்டியதில்லை; அளவு எடுத்தார்களா, எவ்வளவு காட்டியது என்று கேட்கத்தான் அவர் பழக வேண்டும். எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, யாரிடம், எந்தச் சொற்களில் கேட்பது என்பதைப் பயிற்சியாக்கினேன். போர்ட்ஃபோலியோவில் இன்று எனக்கு மிகப் பிடித்த பகுதி, பழைய திரையையும் புதிய திரையையும் அந்த மூத்தவரின் வாக்கியத்தையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கும் அந்த இடம்தான். எத்தனை பேரிடம் சோதித்தீர்களோ அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். பயிற்சியின் பயனை மதிப்பிட டொனால்டு கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகளில், கற்பவரின் கருத்து, அவர் கற்றது ஆகிய முதல் இரண்டைத்தான் மாதிரிப் பாடத்தால் தொட முடியும். வேலையிடத்தில் நடத்தை மாறியது, விபத்து குறைந்தது என்றெல்லாம் எழுதினால் அனுபவம் உள்ளவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாவது மாதிரி முதலாவதைப் போல இருக்கக் கூடாது. முழுப் பாடமே தேவையில்லை, ஒரு தாள் போதும் என்று நீங்கள் முடிவெடுத்த ஒன்றாக அது இருந்தால் நல்லது. கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் செய்தியை நாம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்கிறோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இவ்விரு ஊர்களுக்கும் இடையே கரையைக் கடந்ததை அனுபவித்தவர்களுக்கு அந்தச் செய்தியின் கனம் தெரியும். ஆனால் கூண்டின் எண் கூடக் கூடப் புயலின் வலிமையும் படிப்படியாகக் கூடுகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே அளவு அபாயத்தைத்தான் குறிக்கின்றன. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமா என்பதுதான் அவற்றுக்கிடையிலான வேறுபாடு. 8, 9, 10 ஆகியவையும் அப்படியே, பெரும் அபாயத்துக்கு. 11 என்பது தகவல் தொடர்பு அற்றுப்போனதைக் காட்டுகிறது. எண்களை வரிசையாக அடுக்காமல் இப்படிக் குழுவாக அடுக்கிய ஒரு பக்கத் தாளும், ஏன் அவ்வாறு அடுக்கினீர்கள் என்னும் பத்து வரி விளக்கமும் ஒரு முழு மாதிரிக்குச் சமம்.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு விளக்கக் குறிப்பு கட்டாயம் வேண்டும். பிரச்சினை என்ன, கற்பவர் யார், எவ்வகைக் கட்டுப்பாடுகள் இருந்தன, எதைத் தேர்ந்தீர்கள், எதை விட்டீர்கள், சோதனையில் என்ன தெரிந்தது என்பவற்றை இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். ஸ்டோரிபோர்டின், அதாவது ஒவ்வொரு திரையிலும் என்ன வரும் என்று வரைந்த திட்டத்தின், ஓரிரு பக்கங்களைத் திருத்தக் குறிப்புகளோடு சேர்க்கலாம். வேலை தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பதால் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுவது நடைமுறைக்கு ஏற்றது. மாதிரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தர முடிந்தால், இரு மொழியிலும் வடிவமைக்கத் தெரிந்தவர் என்பது தானாகவே விளங்கும். தமிழ் வரிகள் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் பொத்தான்களையும் பெட்டிகளையும் தமிழுக்கே முதலில் அளந்து வையுங்கள். யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5-க்கு 1 என்னும் விகிதத்தில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இத்துறையில் இருப்பவர்களுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த பாடத்தை, அவர்களுடைய பெயரையும் சின்னத்தையும் மட்டும் மறைத்துவிட்டு நான் ஒருமுறை நேர்காணலில் காட்டினேன். "இதைக் காட்ட அனுமதி வாங்கினீர்களா? நாளை எங்கள் வேலையையும் இப்படித்தான் காட்டுவீர்களா?" என்ற கேள்வி வந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை, கிடைக்காததும் நியாயமே. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு திரையைக்கூட வெளியே எடுக்கக் கூடாது. அதே திறமையைக் காட்டும் வேறொரு மாதிரியைப் புதிதாக உருவாக்குவதே வழி.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலை விளம்பரங்களில், பாடம் தயாரிக்கும் மென்பொருள்களான ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைனும் ரைஸும் அடிக்கடி கேட்கப்படுகின்றன. சந்தா விலை அதிகம் என்றாலும் குறுகிய கால இலவசச் சோதனை கிடைக்கிறது. ஸ்டோரிபோர்டு, குரல்பதிவு, படங்கள் எல்லாம் தயாரான பிறகே அந்தக் காலத்தைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் யோசிப்பதிலேயே நாட்கள் தீர்ந்துவிடும். ஊடாடும் பயிற்சிகளை உருவாக்கும் எச்ஃபைவ்பி (H5P) இலவசம், பாடங்களை இணையத்தில் நடத்த உதவும் மூடில் என்னும் மென்பொருளுக்குள்ளேயே வருகிறது. முடித்த பாடத்தை, கற்றல் தளங்கள் மதிப்பெண்ணைப் பதிவு செய்ய உதவும் பொது வடிவமான ஸ்கார்ம் (SCORM) வடிவில் மூடில் போன்ற தளத்தில் ஏற்றி, மதிப்பெண் சரியாகப் பதிவாகிறதா என்று பார்த்த படம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இணையதளம் எளிமையாக இருக்கட்டும்: முதல் பக்கத்தில் நீங்கள் யாருக்கு எவ்வகைப் பயிற்சி வடிவமைக்கிறீர்கள் என்று இரண்டு வரி, கீழே மாதிரிகள், தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல். மென்பொருள் நிறுவனம் தரும் இணைப்பு சந்தா முடிந்ததும் திறக்காமல் போகலாம் என்பதால், கோப்புகளைக் இணையப் பக்கங்களை ஏற்றி வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸ் போன்ற இடத்தில் நீங்களே வைத்து, பாடத்தை இயக்கிக் காட்டும் மூன்று நிமிட வீடியோவையும் பக்கத்தில் இணையுங்கள். விண்ணப்பத்தோடு இணைப்பை அனுப்புவதற்கு முன், உங்கள் கணக்கு எதுவும் இல்லாத வேறொருவரின் கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, ஒவ்வொரு மாதிரியையும் கடைசித் திரை வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.